உடைந்த கிரீடமும் ஒன்பது தீ நாக்குகளும்: ஒரு பழைய படைச் சின்னத்தைத் திருத்திய பதிவு

பிரித்தானிய இராணுவத்தின் பொறியியல் படையான ராயல் எஞ்சினியர்ஸின் பழைய தொப்பிச் சின்னம் ஒன்று, கிரீடத்தின் மேல்பாதி இல்லாமல் எங்கள் பட்டறைக்கு வந்தது. அதை முழுசாக்கிக் கொடுத்தாயிற்று. மட்டக்களப்பில் நகை வேலை செய்கிற பலரிடமும் இப்படிப் பொருட்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பழைய தகரப் பெட்டிக்குள் கிடந்த பொத்தான், பதக்கம், தொப்பி வில்லை என்று எதையாவது கொண்டு வந்து "இதைக் கொஞ்சம் மினுக்கித் தாங்க" என்பார்கள். பெரும்பாலும் பஃப் மெஷினில் கொடுத்துத் தேய்த்துவிடுவோம். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் எழுத்தின் விளிம்பு, இலையின் நரம்பு எல்லாம் மழுங்கிப் போய்விடும். அதனால்தான் இந்த வேலையை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கொண்டு வந்தவர் கல்லடியைச் சேர்ந்த பெரியவர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பப்பா திருகோணமலையில் இராணுவத்துக்குக் கட்டட வேலை பார்த்த மேசன். சின்னம் அவருடைய சாமான்களோடு வந்தது. கூடவே ஒரு சின்னக் குண்டு வடிவக் கொலர் சின்னமும் இருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் பொருளைப் பார்த்து அளவெடுத்தேன். உடைந்த நிலையில் உயரம் 41 மி.மீ., அகலம் 38 மி.மீ. முறிந்த இடத்தில் தகட்டின் தடிப்பு 0.8 மி.மீ. முன்பக்கம் மேடாக, பின்பக்கம் அதே வடிவத்தில் குழிவாக இருந்தது. ஆகவே இது வார்ப்பு இல்லை, அச்சில் வைத்து அடித்த தகடு. பின்னால் தொப்பித் துணிக்குள் செருகுகிற நாக்கு வேரோடு கழன்றிருந்தது. யாரோ முன்பொரு காலத்தில் அதை ஒட்டப் பார்த்து, ஈயத்தைக் கட்டி கட்டியாக உருக்கி விட்டிருந்தார்கள். முன்பக்கம் முழுக்க வாவிக் காற்றில் பிடித்த பச்சைக் களிம்பு.

களிம்பை எடுக்கப் புளி போடவில்லை. நம் வீட்டுக் குத்துவிளக்குக்குப் புளி நல்லது. இப்படிப்பட்ட பழைய தகட்டில் ஊற வைத்தால் மேலே இருக்கிற பழுப்பு நிறமெல்லாம் கழன்று, இளஞ்சிவப்பாய்ச் செம்பு தெரிய ஆரம்பிக்கும். பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து நுரை எடுத்து, மென்மையான பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். இறுகிப் போன இடங்களை மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி நோண்டினேன். இரும்பு ஊசி கிட்டவே போகவில்லை. பொறுமையான வேலைதான். ஆனால் முடிந்தபோது வாசகம் முழுக்க வாசிக்க வந்தது.

இங்கேதான் சின்னத்தைப் படிக்க வேண்டியிருந்தது. நடுவில் ஜி, ஆர் என்ற இரண்டு எழுத்துகளும் இடையில் ரோமன் ஐந்தும் இருந்தன. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் பெயரெழுத்து. அவர் ஆண்டது 1910 முதல் 1936 வரை. பெயரெழுத்தைச் சுற்றி ஒரு வார்ப்பட்டி, கீழே கொளுக்கியும் தொங்கும் நுனியுமாக வளைந்திருக்கிறது. அது கார்ட்டர் பட்டி. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் எட்வர்ட் மன்னர் தொடங்கிய வீரர் குழாத்தின் அடையாளம். அதில் "ஓனி ஸ்வா கி மால் இ பான்ஸ்" என்று பழைய பிரெஞ்சு வாசகம், தீதாய் நினைப்பவனுக்கே வெட்கம் என்ற பொருளில். பட்டிக்கு வெளியே இரு பக்கமும் லாரல் இலை மாலை, வெற்றியின் அடையாளம். அடியில் சுருள் நாடாவில் படையின் பெயர். எல்லாவற்றுக்கும் மேலே கிரீடம். அதாவது அரசனின் பெயர் நடுவில், அதைக் காக்கும் பட்டி அடுத்து, புகழின் இலை அதற்கும் வெளியே, படையின் பெயர் காலடியில். எந்தப் பகுதி எதற்கு மேலே, எதற்கு வெளியே என்பதில் ஒரு மரியாதை வரிசை இருக்கிறது. நம் தேரில் எந்த இடத்தில் எந்தச் சிற்பம் என்பதற்கு ஒழுங்கு இருப்பதுபோல.

பெயரெழுத்தைச் சுற்றி உலோகம் இல்லாத வெற்றிடமும் உண்டு. அச்சடித்த பிறகு வெட்டி எடுத்திருக்கிறார்கள். தொப்பித் துணியின் நிறம் அதன் வழியே தெரிந்தால்தான் எழுத்து தனித்து நிற்கும். அந்த வெற்றிடத்திலும் பழைய ஈயம் வழிந்து அடைத்திருந்தது. அதைத் திறந்ததும் சின்னமே வேறாகிவிட்டது. பெயரெழுத்து தூரத்திலிருந்தும் வாசிக்க வந்தது.

கிரீடத்துக்கு வருகிறேன். பெரியவர் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார்.

"தம்பி, இஞ்ச பாருங்க. இதுதான் அந்தப் படையிட சின்னம். உச்சியில நடுவுக்குக் குழி விழுந்து கிடக்கு. அப்படியே செய்து தாங்க."

"ஐயா, அது மகாராணி காலத்துக் கிரீடம். உங்கட சின்னத்தில இருக்கிறது அவவிட பாட்டன்ட பேர். ரெண்டும் ஒண்டில்ல."

1901 முதல் இரண்டாம் எலிசபெத் பதவிக்கு வரும் வரை பிரித்தானியப் படைச் சின்னங்களில் இருந்தது டியூடர் கிரீடம். அதன் வளைவுகள் இரண்டு பக்கமும் எழும்பி, உச்சியில் கும்மட்டம் போல உருண்டு சேரும். எலிசபெத் மகாராணி 1953 அளவில் புனித எட்வர்ட் கிரீடத்தின் வடிவத்துக்கு மாற்றினார். அதில்தான் வளைவுகள் நடுவில் தாழ்ந்து குழியும். மூன்றாம் சார்ள்ஸ் 2022இல் பதவிக்கு வந்த பிறகு மறுபடி டியூடர் வடிவமே வந்துவிட்டது. ஆகவே இணையத்தில் ராயல் எஞ்சினியர்ஸ் என்று தேடினால் இரண்டு வகையும் கலந்து வரும். ஐந்தாம் ஜோர்ஜின் பெயருக்கு மேல் குழி விழுந்த கிரீடத்தை வைத்தால், வேலை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அது பொய்ச் சின்னம். பெரியவருக்கு இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். உடனே பிடித்துக்கொண்டார். முறிந்த விளிம்பில் இடது வளைவு பாதி மிஞ்சியிருந்தது. அதன் போக்கும் மேல்நோக்கி உருண்டுதான் போனது. சந்தேகம் இல்லை.

அடுத்தது உலோகம். பட்டறையில் கிடந்த சாதாரணப் பித்தளைத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, மினுக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எலுமிச்சை மஞ்சளாக இருந்தது. சின்னமோ செம்மை கலந்த பொன் நிறம். அந்தக் காலத்து பிரித்தானியச் சின்னங்கள் பல கில்டிங் மெட்டல் என்ற கலவையில் அடிக்கப்பட்டவை. செம்பு நூற்றுக்குத் தொண்ணூறோ அதற்குச் சற்று மேலோ இருக்கும், மீதி நாகம், அதாவது துத்தநாகம். கடைப் பித்தளையில் நாகம் முப்பதுக்கும் மேலே. அதனால் கலவையை நானே உருக்கினேன்.

கணக்கு இதுதான். கடைப் பித்தளையில் நாகம் 37 வீதம் என்று வைத்தால், ஒரு பங்கு பித்தளைக்கு மூன்று பங்கு செம்பு சேர்க்கும்போது நாகம் 9 வீதத்துக்கு வந்துவிடும். மின்சார வயரின் செம்புக் கம்பி 6 கிராம், பித்தளை 2 கிராம். கம்பியின் மேல் பிளாஸ்டிக்கைச் சீவி எடுக்க வேண்டும், எரித்து எடுக்கக் கூடாது. ஈயப் பூச்சு உள்ள கம்பியும் வேண்டாம். உலோகம் உருக்குகிற கிண்ணமான மூசையில் முதலில் செம்பை வெங்காரத்தோடு (போராக்ஸ்) உருக்கினேன். செம்பு உருக 1085 பாகை வேண்டும், நாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரண்டையும் ஒன்றாய்ப் போட்டால் செம்பு உருகுவதற்குள் நாகம் வெண்புகையாய்ப் போய்விடும். எனவே பித்தளையைக் கடைசியில், தீயைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு போட்டு, ஒரு கிளறு கிளறி உடனே அச்சில் ஊற்றினேன். அந்த வெண்புகையை மூச்சில் இழுத்தால் இரவில் குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும். கதவு, ஜன்னல் திறந்து, காற்று முதுகுப் பக்கமிருந்து வீசுகிற மாதிரி நின்றுதான் செய்ய வேண்டும்.

கட்டியைத் தட்டி, சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி தட்டி, உருளையில் கொடுத்து 0.8 மி.மீ. தகடாக்கினேன். நிறம் பொருந்தியது. நாகம் கொஞ்சம் ஆவியானதால் சின்னத்தை விட ஒரு மயிரிழை சிவப்பு அதிகம். அது பிறகு கறுக்க வைக்கும்போது மறைந்துவிட்டது.

கிரீடத்தின் காணாமல் போன பகுதி 9 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம். இரண்டு வளைவுகளின் மேல்பகுதி, அவை சேரும் இடத்தில் ஓர் உருண்டை, அதன்மேல் சிறு சிலுவை. நெற்றிப் பட்டை நல்ல நிலையில் இருந்தது. நடுவில் முழுச் சிலுவை ஒன்று, இரு ஓரங்களிலும் பக்கவாட்டில் தெரிகிற அரைச் சிலுவைகள், இடையில் இரண்டு லில்லிப் பூக்கள். இடது வளைவின் மிச்சத்தை டிரேசிங் பேப்பரில் நாலு மடங்கு பெரிதாக்கி வரைந்து, உருட்சியை மேலே நீட்டி, தாளை மடித்து வலப்பக்கத்தை எடுத்தேன். அதைச் சுருக்கி அச்செடுத்துத் தகட்டில் ஒட்டி, 4/0 இழை வாளால் வெட்டினேன்.

மேடு பள்ளம் எடுக்க அரக்குப் பலகை. அரக்கைச் சூடாக்கித் தகட்டைக் குப்புற அழுத்தி, பின்பக்கத்திலிருந்து வளைவுகளைத் தள்ளி, பிறகு திருப்பி முன்பக்கம் கோடு தீட்டினேன். வளைவின் மேல் ஓடுகிற முத்து வரிசைக்கு நுனி குழிந்த சிறு உளி ஒன்று வேண்டும். உடைந்த துளையூசியின் நுனியைத் தேய்த்து 0.6 மி.மீ. குழி விட்டுச் செய்துகொண்டேன். முத்தைப் போடும்போது ஒன்றை விட்டு ஒன்று போட்டுப் பிறகு இடையில் நிரப்பினால் வரிசை நெளியாது. அப்பா காட்டித் தந்த முறை. அட்டியல் விளிம்புக்கும் கிரீடத்துக்கும் ஒரே முறைதான். உச்சிச் சிலுவையின் கைகள் வெளியே போகப் போக அகலும், அதன் உள்ளிடுக்கு மிகச் சின்னது. அரம் நுழையாது. நூலில் மெருகு மண் தடவி இழுத்துத்தான் திறந்தேன்.

ஒட்டுகிற வேலையில்தான் அதிகம் யோசித்தேன். நகைக்காரன் கைக்கு முதலில் வருவது வெள்ளிப் பொடி ஒட்டு. உறுதியானது. ஆனால் அதற்குச் சின்னத்தைச் சிவக்கச் சூடாக்க வேண்டும். நூறு வயதுத் தகட்டின் நிறமும் விறைப்பும் அதில் போய்விடும். இன்னொன்று, பின்னால் பழைய ஈயம். எவ்வளவு சுரண்டினாலும் ஒரு துளி எங்காவது ஒளிந்திருக்கும். சிவந்த சூட்டில் ஈயம் பித்தளைக்குள் ஊறி ஓட்டை போட்டுவிடும். அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தேன். சிவக்கச் சூடாக்குகிற வேலை எல்லாம் புதுத் துண்டில் மட்டும். பழைய சின்னத்தில் படுவது மெல்லிய சூடு மட்டும்.

புதுத் துண்டின் பின்னால் 0.5 மி.மீ. தடிப்பில், 3 மி.மீ. அகலத்தில், 12 மி.மீ. நீளமான ஒரு பாலத் தகட்டை வெள்ளிப் பொடி வைத்து ஊதி ஒட்டினேன். அதன் பாதி கீழே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பாதியைச் சின்னத்தின் பின்குழிவுக்கு ஏற்பத் தட்டி வளைத்தேன். பிறகு பழைய ஈயக் கட்டிகளைச் சுரண்டியால் தகடு தெரியும் வரை எடுத்துவிட்டு, கைப்பேசி திருத்துகிற கடையில் வாங்கிய 60/40 ஈயக் கம்பியால் அந்தப் பாதியை ஒட்டினேன். ஈயம் ஒட்டுகிற 60 வாட் அயன் தனியாகப் போதாது, தகடு சூட்டை இழுத்துக்கொள்ளும். கேஸ் அடுப்பில் ஒரு கூரை ஓட்டுத் துண்டை வைத்து, அதன்மேல் சின்னத்தைக் குப்புற வைத்து, கை வைக்க முடியாத சூடு வந்த பிறகு அயனைத் தொட்டதும் ஈயம் தண்ணீராய் ஓடியது. முன்பக்கத்துக்கு வழியாமல் இருக்க முறிவுக் கோட்டில் ஈரக் களிமண் பூசியிருந்தேன். நாளைக்கு யாராவது உண்மையான கிரீடத் துண்டைக் கண்டெடுத்தால், சூடு காட்டி என் துண்டைக் கழற்றிவிடலாம்.

கழன்ற நாக்கையும் அதே சூட்டில் ஒட்டினேன். தொப்பியில் தினமும் செருகிக் கழற்றுவதாக இருந்தால் ஈய ஒட்டு தாங்காது. இது சட்டத்துக்குள் இருக்கப் போவதால் போதும்.

புதுத் துண்டின் பளபளப்பைக் குறைக்க அவித்த முட்டை. ஒரு முட்டையை நன்றாக அவித்து, உடைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, சின்னத்தின் பழைய பகுதியைப் பொலித்தீனால் இறுகச் சுற்றி, துண்டு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி இரவு முழுக்க வைத்தேன். அவித்த முட்டையின் கந்தக ஆவி செம்பைக் கறுக்க வைக்கும். காலையில் பழுப்பாகியிருந்தது. மேடுகளில் மட்டும் விரலால் சாம்பல் தொட்டுத் தேய்த்தேன். முத்துகள் வெளிச்சத்துக்கு வந்தன, இடுக்குகள் இருட்டாகவே நின்றன. அரை மீட்டர் தூரத்தில் இணைப்பு தெரியாது. கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அது தெரியத்தான் வேண்டும்.

இனி அந்தக் குண்டு வடிவக் கொலர் சின்னம். வாயில் தீ எரிகிற பழைய காலத்து எறிகுண்டு, அடியில் நாடாவில் "உபிக்வே" என்ற இலத்தீன் சொல், எங்கும் என்று பொருள். நாலாம் வில்லியம் மன்னர் 1832இல் இந்தச் சொல்லைப் பீரங்கிப் படைக்கும் பொறியியல் படைக்கும் சேர்த்தே கொடுத்தார். எல்லாப் போர்க்களத்திலும் இருந்ததால், போர் போராகப் பெயர் எழுதாமல் இந்த ஒற்றைச் சொல். ஆகவே சொல்லை மட்டும் வைத்து எந்தப் படை என்று தீர்மானிக்க முடியாது. தீ நாக்குகளை எண்ண வேண்டும். பீரங்கிப் படையின் குண்டில் ஏழு, பொறியியல் படையின் குண்டில் ஒன்பது. இதில் எட்டு இருந்தன, பக்கத்தில் ஒரு முறிந்த அடி. எட்டு இருக்கும்போதே ஏழு என்பது அடிபட்டுவிட்டது. ஒன்பதாவது முறிந்து போயிருக்கிறது. இரண்டு சின்னமும் ஒரே படையுடையவை.

இந்தியப் பொறியியல் படையும் இதே கருத்தைத்தான் "சர்வத்ர" என்று வைத்திருக்கிறது. அதில் பெங்களூரைத் தளமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்களைத் "தம்பி" என்றே அழைப்பார்கள். அமெரிக்கப் பொறியியல் படையின் சின்னம் மூன்று கோபுரம் உள்ள கோட்டை. குண்டு, கோட்டை என்று ஏன் வருகிறது என்பது மட்டக்களப்பில் இருப்பவர்களுக்குச் சுலபமாக விளங்கும். புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். பத்தே வருஷத்தில், 1638இல், ஒல்லாந்தர் பிடித்தார்கள். அந்தக் காலத்துப் போரே இப்படி மதில் கட்டுவதும், மதிலை நோக்கி அகழி வெட்டிப் போய் உடைப்பதும்தான். கட்டுகிறவனும் உடைக்கிறவனும் ஒரே படை. அவன் சின்னத்தில் கோட்டையும் குண்டும் இருப்பது பொருத்தம்தான்.

ஒன்பதாவது தீ நாக்கைச் செய்யவில்லை. அகலம் 1 மி.மீ.க்கும் குறைவு. பின்னால் பாலத் தகடு வைக்க இடம் இல்லை. வைத்தால் பக்கத்து நாக்குகளுக்கு இடையிலுள்ள வெளி அடைபட்டு, எண்ண முடியாமல் போய்விடும். பெரியவருக்கு முழுசாக்க வேண்டும் என்று ஆசை. முறிந்த அடியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டி, எட்டும் ஒரு அடியும் சேர்ந்து ஒன்பது என்று எண்ண வைத்தேன். சட்டத்தின் அடியில் அதையே எழுதிப் போடச் சொன்னார்.

செலவு: இழை வாள் அலகு ஒரு கட்டு 650 ரூபாய், ஈயக் கம்பி 250, வெள்ளிப் பொடிக்கும் வெங்காரத்துக்கும் 300 அளவில், அரக்கு பட்டறையில் இருந்தது, செம்பும் பித்தளையும் கழிவு. சட்டம் அவரே போட்டார். கூலியாக 6,000 வாங்கினேன். மணிக்கணக்குப் பார்த்தால் மோதிர வேலையில் இதைவிடக் கூட வரும். ஆனாலும் இப்படி இன்னொன்று வந்தால் மறுக்க மாட்டேன்.

அடுத்த முறை சில விஷயங்களை மாற்றுவேன். புதுத் துண்டைச் சரியான அளவுக்கு வெட்டாமல் 0.3 மி.மீ. கூட விட்டு வெட்டி, ஒட்டுவதற்கு முன் முறிவுக் கோட்டோடு வைத்து வைத்து அராவிப் பொருத்துவேன். இப்போது வலது மூலையில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி இருக்கிறது. சுத்தம் செய்யத் தொடங்குமுன் பின்பக்கத்தையும் படம் எடுப்பேன். பழைய ஈயக் கட்டியும் அந்தப் பொருளின் கதையில் ஒரு பகுதிதான். சட்டத்துக்குள் ரப்பர் ஸ்பொஞ்ச் வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்வேன். அதிலிருந்து வருகிற கந்தகம் முட்டை செய்த வேலையை நிறுத்தாமல் செய்துகொண்டே இருக்கும். பருத்தித் துணி விரித்து, மூலையில் ஒரு சிலிக்கா பொட்டலம் வைத்து, பின்பலகையின் விளிம்பை டேப் ஒட்டி அடைத்தால் போதும். கல்லடியில் வாவிக் காற்று ஒரு பக்கம், கடல் காற்று மறு பக்கம். அந்தப் பொட்டலத்தை மாரிக்கு முன்னும் மாரி முடிந்த பிறகும் மாற்ற வேண்டும்.